தந்தி

எங்கள் அப்பா தபால்காரர். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் ஓய்வு பெறும்வரை சைக்கிளிலேயே தபால் கொடுத்தார். எந்தத் தெருவில் எத்தனை நாய், எது கட்டிப்போட்டது, எது அவிழ்த்துவிட்டது, எது குரைப்பதோடு நின்றுவிடும், எது சத்தமில்லாமல் பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்வும் என்பதெல்லாம் முகவரிகளோடு சேர்த்து அவருக்கு மனப்பாடம். நாய்களைப் பற்றி அவர் கோபமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வளர்க்கிறவர்களைப் பற்றித்தான் பேசுவார். "நாள் முழுக்கச் சங்கிலியில கட்டிப் போட்டா யாரைக் கண்டாலும் பாயத்தான் செய்யும். கட்டினவன்கிட்டல்லா கேக்கணும்" என்பார்.

இத்தனைக்கும் அவர் கடி வாங்கியவர். 1970-களில் ஒரு கிராமத்தில் நாய் கடித்து, அரசு மருத்துவமனையில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டார். அந்தக் காலத்துத் தடுப்பு மருந்தை ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்தார்கள். வலியும் அதிகம், பக்கவிளைவும் அதிகம். இந்தியாவில் அந்த மருந்து 2004-இல்தான் நின்றது. ஊசி போடப் போன இடத்தில், காலம் தாழ்த்தி வந்த ஒரு சிறுவனை அப்பா பார்த்திருக்கிறார். வீட்டில் பச்சிலை கட்டி மந்திரித்துவிட்டு, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகத் தொடங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பையன் பிழைக்கவில்லை. வெறிநோய்க் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகிறது. போய்ச் சேர்வதற்குள் தடுப்பூசி போட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டோம்.

நாய் வளர்ப்பது என்றால் என்ன என்று தெரிந்த மனிதர் அவர் என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். ஆசைப்பட்டு, குட்டியைப் பார்த்த மயக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்தவர் அல்ல.

2013-இன் தொடக்கத்தில் அம்மா இறந்துபோனார். நான் சென்னையில் வங்கி வேலை, குடும்பம் என்றிருந்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றுவிட்டார். தினமும் இரவு போன் செய்வேன். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றால் "ஆச்சு" என்பார். "மாத்திரை?" என்றால் அதற்கும் "ஆச்சு". அதற்குமேல் பேச்சு நீளாது. பக்கத்து வீட்டு ஆச்சிதான் ஒருநாள் உண்மையைச் சொன்னார். காலையில் வாங்குகிற இட்லிப் பொட்டலத்தையே மூன்று வேளைக்கும் வைத்துக்கொள்கிறார், சில நாள் அதையும் பிரிப்பதில்லை, வாசல் கதவு மத்தியானம்வரை திறப்பதில்லை என்றார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஆடிக் காற்று அடங்கிய சமயத்தில், தெருமுனை டீக்கடைக்காரர் நாலுவழிச் சாலை ஓரத்தில் உரச்சாக்கில் கட்டிப் போட்டிருந்த குட்டிகளை எடுத்து வந்து அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். ஆண் குட்டிகள் இரண்டையும் அன்றைக்கே கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். மிஞ்சியது பொட்டைக்குட்டி. எங்கள் பக்கம் பொட்டைக்குட்டியை யாரும் எடுக்க மாட்டார்கள். பருவத்துக்கு வந்தால் தெரு நாய்கள் எல்லாம் வாசலில் நிற்கும், குட்டி போட்டால் யார் பார்ப்பது என்பார்கள். சாக்கில் கட்டி எறிகிறவர்களும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். இந்தக் குட்டிக்குச் செவலை நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை, நீளக் கால்கள். கன்னி இன நாயின் ரத்தம் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் பெட்டியோடு வாங்கி வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் போன இடம் மாட்டாஸ்பத்திரி. அரசு கால்நடை மருத்துவமனைக்கு இன்றைக்கும் ஊரில் அதுதான் பெயர். அங்கே இருந்த மருத்துவர் இளவயதுப் பெண். குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, தடுப்பூசி அட்டை ஒன்றை எழுதித் தந்து, எந்த ஊசி எதற்கு என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கு முதல் ஊசி, சில வாரம் கழித்து மறுபடியும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்க்கு, பிறகு வருடா வருடம். பார்வோ வந்த குட்டி ரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும் என்றும், ஊசிக்கு ஆகிற செலவு அந்த வைத்தியத்துக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான் என்றும் சொன்னாராம். கடைசியாக, "நல்லாப் பார்த்துக்கிட்டா நாட்டு நாய் பன்னிரண்டு, பதினஞ்சு வருஷம் இருக்கும் ஐயா" என்றிருக்கிறார்.

அன்று இரவு அவராகவே போன் செய்தார். அம்மா போன பிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குட்டி வந்த கதையைச் சொல்லிவிட்டு, "எனக்கு வயசு அறுபத்தெட்டு. இது பதினஞ்சு வருஷம் இருக்கும்ங்கிறாங்க. கணக்கு இடிக்குது தாயி. எனக்குப் பின்னாடி நீ எடுத்துக்கிடுவியா? மாப்பிள்ளைகிட்டயும் கேட்டுட்டுச் சொல்லு. அவசரம் இல்ல. நீ சொல்ற வரைக்கும் இதுக்குப் பேர் வைக்க மாட்டேன்" என்றார்.

நானும் என் கணவரும் அன்றைக்கு வெகுநேரம் பேசினோம். அடுக்குமாடி வீடு, இரண்டு பேருக்கும் வேலை, மகன் அப்போது மிகச் சின்னவன். கணவர் நாய் வளர்த்துப் பழகாதவர். கடிக்குமா, முடி கொட்டுமா, ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கேட்டதில் ஒன்றுகூட வீண் கேள்வி இல்லை. எல்லாவற்றுக்கும் வழி யோசித்த பிறகுதான் சரி என்று முடிவெடுத்தோம். மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ சரி" என்றார். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். தந்தி.

அந்த வருடம் ஜூலை 15-ஆம் தேதிதான் நாடு முழுவதும் தந்தி சேவை நின்றது. அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. தந்தி என்ற பெயரைக் கேட்டதும் அத்தைக்குப் பதறியது. அந்தக் காலத்தில் தந்தி வந்தாலே வாசலில் அழுகை தொடங்கிவிடும். "வேலை கிடைச்ச சேதியும் புள்ள பொறந்த சேதியும் நான் தந்தியில கொண்டு போயிருக்கேன்" என்று அப்பா பதில் சொன்னார்.

பிறகு நடந்ததை நான் போன் வழியாகத்தான் பார்த்தேன். குட்டிக்குச் சோறு வேண்டும் என்பதால் அடுப்புப் பற்ற வைத்தார். சோறு, அவித்த முட்டை, கொஞ்சம் தயிர், சில நாள் எலும்பு நீக்கிய கோழி. "அதுக்கு வைக்கும்போது நமக்கும் ஒரு கை சேத்து வச்சிடுறேன்" என்றார். குழம்புச் சோறு போடக்கூடாது, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சாக்லேட்டும் திராட்சையும் ஆகவே ஆகாது, வேகவைத்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் எனக்குத் திருப்பிச் சொல்வார். நாய்க்கு உப்பு, காரம் இல்லாமல் சமைக்கத் தொடங்கியதில் அவருடைய சாப்பாட்டிலும் உப்பு குறைந்தது. காலை ஐந்தரைக்கு நடை, சாயங்காலம் வெயில் தாழ ஒரு நடை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கோடையில் தார்ச்சாலைச் சூடு பாதத்தைப் பொசுக்கிவிடும். அதனால் சூரியன் ஏறுவதற்குள் போய்த் திரும்பியாக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மனிதர் விடியுமுன் தெருவில் நின்றார்.

தெருவில் நின்றதால் இன்னொன்றும் நடந்தது. அம்மா போனபின் ஊர்க்காரர்கள் அப்பாவை எதிரே கண்டால் என்ன பேசுவது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டுக் கடந்துபோனார்கள். துக்கம் உள்ளவரிடம் பேச நம்மில் பலருக்கும் வராது. இப்போது பேச ஒரு பொருள் கிடைத்துவிட்டது. "என்ன, குட்டி வளந்துட்டு?" என்று தொடங்கி, கையைப் பிடித்து அம்மாவைப் பற்றிக் கேட்கிறவரை வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலுக்கு வந்தார்கள். என்னோடு பேசும் பேச்சும் மாறியது. தந்திக்கு மலம் இறுக்கமாகப் போனதா இளக்கமாகப் போனதா, எத்தனை உண்ணி எடுத்தேன், எந்த வீட்டுப் பூனையைத் துரத்தியது என்று கால் மணி நேரம் பேசுவார். நடுவில் தன் முழங்கால் வலியையும் சொல்லிவிடுவார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அதுவரை நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

பிராணி வளர்ப்பு மனிதருக்கு என்ன செய்கிறது என்பதைப் பற்றிப் பிறகு நிறையப் படித்தேன். அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் என்பவரும் சக ஆய்வாளர்களும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு பெயர் பெற்றது. மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுக்குத் தீவிர சிகிச்சை பெற்றுத் திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். வீட்டில் வளர்ப்புப் பிராணி இருந்த 53 பேரில் 3 பேரும், இல்லாத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே மாதிரி சொல்லிவிடவில்லை. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர் மிஹோ நாகசாவா குழுவினர், நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் காட்டினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாசத்தோடு சுரக்கிற அதே ஹார்மோன். எனக்கு இவையெல்லாம் பிடித்திருக்கின்றன. ஆனாலும் அப்பாவை எழுப்பி நடமாட வைத்தது தந்தியின் கண் மட்டும் என்று நான் நம்பவில்லை. அவளுக்குப் பசிக்கும் என்பதுதான். அவளுக்கு வெளியே போக வேண்டும், ஊசி போட வேண்டும், தண்ணீர்ச் சட்டியைக் கழுவி வைக்க வேண்டும் என்பதுதான். தள்ளிப்போட முடியாத வேலை அது. நாய் வளர்ப்பதில் நன்மை ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அவை இரண்டாக இருக்கவில்லை. அப்பாவைக் காப்பாற்றியது அந்தப் பொறுப்புதான். வேலைக்காரரை வைத்து நாயைப் பராமரித்திருந்தால் அவருக்கு அந்த நன்மை கிடைத்திருக்காது.

தந்திக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது பயந்துபோனோம். ஈறு வெளுத்து, சோறு தொடாமல் படுத்துவிட்டாள். பக்கத்தில் சிலர் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார்கள். அப்பா நேரே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும், தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லி, ரத்தம் பார்த்து, மருந்து எழுதினார். நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டிய மாத்திரை. இரண்டாம் நாளே எழுந்து வாலாட்டிவிட்டாள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அப்பா காலண்டரில் தேதிக்குத் தேதி கோடு போட்டு முடிவுவரை கொடுத்தார்.

கருத்தடை அறுவை சிகிச்சைதான் அவருக்குக் கடினமாக இருந்தது. "ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே தாயி, பொம்பளப் புள்ள" என்றார். மருத்துவர் அவரை உட்கார வைத்துப் பேசினார். கர்ப்பம் ஒன்பது வாரம். ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள், சில சமயம் அதற்கும் மேல். அதில் பாதி பொட்டை. அவற்றை யார் எடுப்பார்கள்? அறுவை செய்யாத பெட்டை நாய்க்கு வயதானபின் கருப்பையில் சீழ் கட்டும் நோயும் மார்புக் கட்டியும் வர வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார். அப்பா அந்த அட்டைப்பெட்டியை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி வைத்து அழைத்துப்போய்ச் செய்துகொண்டு வந்தார். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு அவள் சுவரில் இடித்துக்கொண்டு நடந்த நாட்களில் இரவெல்லாம் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்.

எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கம். தீபாவளி என்றால் வெடிச்சத்தம் பல நாளுக்குத் தொடரும். நம் காதுக்கு எட்டாத ஒலியும் நாய்க்குக் கேட்கும். தந்தி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து நடுங்குவாள். அப்பா ஜன்னல்களைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, கூடவே தரையில் உட்கார்ந்துவிடுவார். தீபாவளிக்குச் சென்னை வரச் சொல்லி நான் கேட்பதை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். நாங்கள்தான் போனோம்.

அப்பா ஓய்வு பெற்ற 2005-ஆம் ஆண்டு அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டிருந்தது. ராஜபாளையம் நாயும் அதில் உண்டு. அதை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாம் எங்கள் தென்மாவட்ட மண்ணில் நின்று நிலைத்த இனங்கள். எங்கள் உறவினர் ஒருவர் மதுரையில் சைபீரியன் ஹஸ்கி வாங்கினார். பனிக்காக அமைந்த இரட்டை ரோமம் அதற்கு. சித்திரை வெயிலில் அந்த நாய் ஏசி அறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தது. மின்சாரம் போகிற நேரமெல்லாம் அதற்கு உயிர்ப் போராட்டம். பக் நாயின் மூக்கை மனிதர்கள் அழகுக்காகச் சப்பையாக்கிவிட்டார்கள், அது மூச்சுக்குத் திணறுகிறது. நாட்டு நாயை எடுத்தால் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சிப்பிப்பாறையும் கன்னியும் கண் பார்வையால் இரையைத் துரத்தி ஓடப் பிறந்தவை. அவற்றைக் கொண்டுவந்து பால்கனியில் கட்டிப்போடுவதும் கொடுமைதான்.

2020 ஊரடங்கில் நான் போக முடியவில்லை. அப்பாவுக்கு 75 வயது. டீக்கடை மூடியதும் அதை நம்பியிருந்த தெரு நாய்கள் பட்டினி கிடந்தன. தந்திக்கு வைக்கும் சோற்றோடு ஓர் ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டு அவற்றுக்கும் கொடுத்தார். அந்த மாதங்களில் வீட்டுக்குள் அவரோடு மூச்சுவிட ஓர் உயிர் இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அழைப்பை அவர் எடுக்காவிட்டால் ஆச்சிக்குப் போன் செய்வேன். "தந்தி வாசல்ல படுத்திருக்கு, உங்கப்பா நல்லாத்தான் இருப்பாரு" என்பார். அவள் வாசலில் நிதானமாகப் படுத்திருந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

2022-இல் அப்பா இறந்தார். இதயம் நின்றுவிட்டது. விடிகாலையில் தந்தி விடாமல் குரைத்ததைக் கேட்டுத்தான் ஆச்சி ஆள் கூட்டினார். காரியங்கள் முடியும்வரை அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீரை மட்டும் என் கையால் குடித்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர்கள் பேசத் தொடங்கினார்கள். "நம்ம தோட்டத்துல விட்ருவோம், அது பொழச்சுக்கும்" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் அப்போது ஒன்பது வயது வீட்டு நாய். தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் அவளை உள்ளே விடாது. இரை தேடவும் தெரியாது. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1960-இல் வந்த அந்தச் சட்டம் முதல் தடவைக் குற்றத்துக்கு வைத்திருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அத்தனை ஆண்டுக்கு முன் எழுதிய தொகை இன்றும் அப்படியே நிற்கிறது. சட்டத்துக்குப் பயந்து யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை. நான் ஒப்புக்கொண்டிருந்தேன். அதனால் அங்கே விவாதத்துக்கு இடமில்லை.

ரயிலில் நாயைக் கூட்டிப்போக முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும், அல்லது கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் விட வேண்டும். துக்கத்தில் இருக்கிற நாயைக் கூண்டில் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. கார் எடுத்தோம். அப்பாவின் பழைய போர்வையைப் பின்சீட்டில் விரித்து, வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் காட்டி, சென்னை வந்து சேர்ந்தோம்.

எங்கள் குடியிருப்பில் எதிர்ப்பு வந்தது. லிஃப்டில் நாய் வரக்கூடாது, வளாகத்தில் நடக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வளர்ப்புப் பிராணி வைத்திருப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடுக்க முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அந்தக் காகிதம் என் கையில் இருந்தது. முதலில் அதை நான் எடுக்கவில்லை. எதிர்வீட்டில் நாய் என்றாலே அலறுகிற சிறுமி இருந்தாள். முன்பு தெரு நாய் ஒன்று அவளைக் கடித்திருக்கிறது. உலகம் முழுவதும் நாய்க்கடிக்கு அதிகம் ஆளாவது குழந்தைகள்தான். அந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவள் அம்மாவிடம் தந்தியின் தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். நீங்கள் லிஃப்டில் இருந்தால் நான் அடுத்ததில் வருகிறேன், தந்தியைக் கயிறில்லாமல் ஒருபோதும் வெளியே விட மாட்டேன், அள்ளுவதற்குக் காகிதமும் பையும் எப்போதும் என் கையில் இருக்கும் என்றேன். சொன்னபடி நடந்தோம். அறிவிப்பு தானாக இறங்கியது. வாரியத்தின் தாளைக் காட்டியிருந்தாலும் வென்றிருப்பேன். அந்தச் சிறுமி மட்டும் படிக்கட்டு வழியாகவே போய்வந்துகொண்டிருப்பாள்.

நாயை நேசிக்கிற நாம் மற்றவர்களின் பயத்தை மதிப்பதில் தவறுகிறோம் என்பது என் துணிபு. "எங்க நாய் ஒண்ணும் செய்யாது" என்று கயிற்றை அவிழ்த்து விடுகிறவர்களால்தான் எல்லா நாய்களுக்கும் கெட்ட பெயர் வருகிறது. மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப், வருடாந்தர வெறிநோய் ஊசி இவற்றைத் தொல்லை என்று புலம்புவதும் சரியில்லை. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே ஊசி போடுகிறார்கள். ஊசி போட்ட நாய் அதன் வீட்டை மட்டுமல்ல, தெருவையும் காக்கிறது.

தந்தி சென்னையிலும் ஐந்தரைக்கு எழுந்துவிட்டாள். மண் தரை இல்லாத இடத்தில் சிறுநீர் கழிக்க மாட்டாள். அடைமழையிலும் குடை பிடித்துக்கொண்டு பூங்கா ஓரம்வரை கூட்டிப்போக வேண்டியிருந்தது. குடும்பத்தோடு வெளியூர் போவது நின்று, யாராவது ஒருவர் வீட்டில் தங்குவது வழக்கமாயிற்று. அப்பா போன துக்கத்தில் எனக்கும் படுக்கையை விட்டு எழ மனமில்லாத காலம் அது. அவள் கட்டிலோரம் வந்து நிற்பாள். எழுந்துதான் ஆக வேண்டும். அப்பாவுக்கு என்ன நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உடம்பால் விளங்கியது. என் மகன் அவளுடைய மாத்திரை வேளைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். தேர்வு நாளிலும் மறந்ததில்லை. பள்ளியில் அவனுக்கு இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கியதும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். 1903-இல் தொடங்கிய நிறுவனம். விடியற்காலையிலேயே வரிசை கட்டி நிற்கும் ஆட்டுக்கும் பூனைக்கும் நடுவில் நின்று காட்டினோம். சிறுநீரகம் தளர்ந்துவருகிறது. பாஸ்பரஸ் குறைந்த உணவு, மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. குட்டியாக இருந்தபோது ஆன செலவைவிட இப்போது ஆகிற செலவு பல மடங்கு. நாய் வாங்குகிறவர்கள் குட்டியின் விலையைக் கேட்கிறார்கள், கிழ நாயின் செலவை யாரும் கேட்பதில்லை. வலி தாங்க முடியாத கட்டம் வந்தால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டோம். விரும்பிச் சாப்பிடுகிறதா, தானாக எழுந்து நிற்கிறதா, உங்களைக் கண்டால் அதற்கு மகிழ்ச்சி தெரிகிறதா, இந்த மூன்றையும் நாள்தோறும் குறித்து வாருங்கள் என்றார். அந்த நோட்டை மகன் எழுதிவருகிறான். இன்றுவரை மூன்றுக்கும் ஆம்.

எனக்கும் கணவருக்கும் ஏதாவது ஆனால் அவளை எடுத்துக்கொள்ள என் நாத்தனார் சம்மதித்திருக்கிறார். அவர் எண் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் என் எண்ணுக்குக் கீழே இருக்கிறது. ஊரில் வயதான பெற்றோர் நாயோ பூனையோ வளர்த்தால் வேண்டாம் என்று தடுக்காதீர்கள். அவர்களுக்குப் பின் அதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். முடிவானதும் அந்த ஆளின் தொலைபேசி எண்ணை அட்டையில் எழுதி வையுங்கள்.